கப்பல் மூழ்கிய பிறகு: இண்டியானாபோலிஸ் மாலுமிகளும் சுறாக்களும்

போர்க்காலத்தில் கப்பல் மூழ்கி நடுக்கடலில் தத்தளித்த மாலுமிகளைச் சுறாக்கள் கூட்டமாக வந்து தின்றன என்று எங்காவது படித்திருப்பீர்கள், இல்லையென்றால் யாராவது சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் அது ஒரே கப்பலின் கதையாகத்தான் இருக்கும். அமெரிக்கக் கடற்படையின் இண்டியானாபோலிஸ், 1945. சுறா வந்தது உண்மை. கடித்தது உண்மை. ஆனால் அந்தத் தண்ணீரில் செத்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது சுறா கிடையாது. அப்படியானால் எது கொன்றது, சுறாக்கள் ஏன் அங்கே வந்தன, யாரைக் கடித்தன, யாரை விட்டுவிட்டன என்பதையெல்லாம் முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். இதைப் படிக்கக் கடல் உயிரியலும் தெரிய வேண்டாம், போர் வரலாறும் தெரிய வேண்டாம்.

முதலில் கப்பல். இண்டியானாபோலிஸ் 1932-இல் கடற்படையில் சேர்ந்த ஒரு கனரகப் போர்க்கப்பல், நீளம் 186 மீட்டர். 1945 ஜூலையில் அதற்கு ஒரு ரகசிய வேலை கொடுத்தார்கள். ஹிரோஷிமாவில் போடப்போகும் அணுகுண்டின் பாகங்களை சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து பசிபிக்கில் உள்ள டினியன் தீவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஜூலை 26 அன்று சேர்த்தாயிற்று. பிறகு குவாம் தீவுக்குப் போய், அங்கிருந்து ஜூலை 28 அன்று பிலிப்பைன்ஸின் லெய்டே நோக்கிக் கிளம்பியது. துணைக்கு வேறு கப்பல் இல்லை. நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோனார் கருவியும் அதில் இல்லை.

ஜூலை 30, நள்ளிரவு தாண்டிக் கால் மணி நேரம். மொசிட்சுரா ஹஷிமோட்டோ என்பவர் தலைமையில் இருந்த ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-58 ஆறு டார்பிடோக்களை, அதாவது தண்ணீருக்கடியில் பாய்ந்து வந்து வெடிக்கும் குண்டுகளை, ஏவியது. இரண்டு பட்டன. ஒன்று கப்பலின் முன்பக்கத்தையே பிய்த்துவிட்டது, இன்னொன்று நடுப்பகுதியில் இறங்கியது. வெப்பமண்டல இரவு, உள்ளே புழுக்கம் தாங்காது என்பதால் காற்றுக்காகக் கதவுகளையும் திறப்புகளையும் பெரும்பாலும் திறந்தே வைத்திருந்தார்கள். அந்த வழியாகவெல்லாம் கடல் உள்ளே வந்தது. மின்சாரம் போய்விட்டதால் கப்பலை விட்டு இறங்கச் சொல்லும் உத்தரவை ஒலிபெருக்கியில் சொல்ல முடியவில்லை, வாய்வழியாகத்தான் சொன்னார்கள். 12 நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. அதில் இருந்தவர்கள் 1,195 பேர். சுமார் 300 பேர் கப்பலோடு போனார்கள். ஏறக்குறைய 900 பேர் உயிரோடு தண்ணீரில் இறங்கினார்கள். கடைசியில் பிழைத்தவர்கள் 316.

நடுவில் இருக்கும் அந்தக் கிட்டத்தட்ட அறுநூறு பேருக்கு என்ன ஆயிற்று என்பதுதான் கேள்வி.

சுறாவுக்கு வருவதற்கு முன்னால் தண்ணீரில் மிதக்கும் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் சுறா கதைக்குள் நுழைவதே அந்த வழியாகத்தான். கப்பல் உடைந்ததும் எரிஎண்ணெய் கடலில் கொட்டியது, கெட்டியாக, கறுப்பாக. இருட்டில் குதித்தவர்கள் அதை விழுங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள், கண் எரிந்து வீங்கியது. குண்டு வெடித்ததில் பலருக்குத் தீக்காயம், எலும்பு முறிவு. அப்படிப்பட்டவர்கள் முதல் இரவிலேயே நிறையப் பேர் போய்விட்டார்கள். விடிந்ததும் வெயில். நிழலுக்கு எதுவும் கிடையாது, மேலே சூரியன், கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். சட்டையைக் கிழித்துக் கண்ணைக் கட்டிக்கொண்டார்கள். இரவானால் நடுக்கம். அது வெதுவெதுப்பான கடல்தான், ஆனாலும் நம் உடம்பு 37 டிகிரி, கடல் அதைவிடச் சில டிகிரியாவது குறைவு, தண்ணீரோ காற்றைவிடப் பல மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. நாட்கணக்கில் கிடந்தால் ஆளைக் கரைத்துவிடும்.

அப்புறம் தாகம். இதைக் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம், ஏனென்றால் அங்கே அதிகம் பேரைக் கொன்றவற்றில் இதுவும் ஒன்று. கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் சிறுநீரகத்தால் அவ்வளவு அடர்த்தியாக உப்பை வெளியே தள்ள முடியாது. எனவே ஒரு லிட்டர் கடல்நீர் குடித்தால், அதில் இருக்கும் உப்பைக் கழிப்பதற்கு உடம்பு ஒரு லிட்டருக்கும் மேலாகத் தண்ணீரைச் செலவழிக்க வேண்டியிருக்கும். குடிக்கக் குடிக்க உடம்பு வறண்டுகொண்டே போகும். உப்பு ஏறிய ரத்தம் மூளையைக் குழப்பும். இரண்டாவது, மூன்றாவது நாளில் அதுதான் நடந்தது. பக்கத்திலேயே ஒரு தீவு இருக்கிறது என்று ஒருவன் சொல்வான், பத்துப் பேர் வரிசை கட்டி நீந்திப் போவார்கள், திரும்ப மாட்டார்கள். கப்பல் நமக்குக் கீழேயேதான் இருக்கிறது, அதில் நல்ல தண்ணீர் இருக்கிறது என்று சொல்லி லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு உள்ளே மூழ்கியவர்களும் உண்டு. பக்கத்தில் இருக்கும் சொந்தத் தோழனை ஜப்பானியன் என்று நினைத்துத் தாக்கியவர்களும் உண்டு. இதையெல்லாம் பிழைத்து வந்தவர்களே பிறகு சொன்னார்கள்.

அந்த லைஃப் ஜாக்கெட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பெரும்பாலானவற்றில் உள்ளே இருந்தது இலவம்பஞ்சு, நம் வீட்டுத் தலையணையில் இருக்கும் அதே பஞ்சுதான். அதன் இழைகள் தண்ணீரை ஒட்ட விடாது, அதனால் நன்றாக மிதக்கும். ஆனால் இரண்டு நாள் தாண்டினால் கொஞ்சம் கொஞ்சமாக ஊறத் தொடங்கிவிடும். மார்பு உயரத்தில் தாங்கிய ஜாக்கெட் மூன்றாவது நாளில் கழுத்து வரைதான் தாங்கும், அப்புறம் தாடை வரை. கப்பலின் மருத்துவர் லூயிஸ் ஹெய்ன்ஸ் தண்ணீரில் கிடந்தபடியே ஒவ்வொருவராகப் பார்த்தார். கண் விழியைத் தொட்டுப் பார்த்து, அசைவில்லை என்றால் இறந்துவிட்டதாக முடிவு செய்து, கழுத்தில் இருக்கும் அடையாளத் தகட்டை எடுத்துக்கொண்டு, ஜாக்கெட்டைக் கழற்றி ஜாக்கெட் இல்லாதவனுக்குக் கொடுத்து, உடலைக் கடலில் விட்டார். மருந்தும் இல்லை, குடிநீரும் இல்லை. ஒரு மருத்துவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடிவதில்லை.

சரி, இப்போது சுறா.

கரையோரக் கடலையும் நடுக்கடலையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. கரையோரம் மீன் நிறைந்த இடம். நடுக்கடல் கிட்டத்தட்ட பாலைவனம், ஆழம் ஐந்து கிலோமீட்டர் இருக்கும், இரை எங்கோ ஒரு இடத்தில் எப்போதோ ஒரு முறைதான் கிடைக்கும். அங்கே வாழும் சுறாவுக்கு ஒரே பிழைப்பு வழி, கண்ணில் படும் எதையும் விடாமல் போய்ப் பார்ப்பது. இண்டியானாபோலிஸ் மாலுமிகளைத் தாக்கியவை பெரும்பாலும் வெண்முனைச் சுறாக்களாக இருக்கும் என்று கருதுகிறார்கள், புலிச்சுறாக்களும் இருந்திருக்கலாம். வெண்முனை என்பது அகலமான, வட்ட நுனி கொண்ட துடுப்புகளில் வெள்ளைச் சுண்ணாம்பு தொட்டு வைத்தது போல இருக்கும் இனம், மேல்மட்ட நீரில் அவசரமே இல்லாமல் மெதுவாகச் சுற்றும். பார்க்கச் சோம்பேறி மாதிரி இருக்கும். ஆனால் ஒரு முறை ஆர்வம் வந்துவிட்டால் விலகாது. சுற்றும், கிட்டே வரும், மூக்கால் இடித்துப் பார்க்கும், போகும், திரும்ப வரும். எதிர்ப்பு இல்லை என்று தெரிந்தால்தான் கடிக்கும். கடலாய்வாளர் ஜாக் குஸ்தோ சுறாக்களிலேயே மிக ஆபத்தானது இதுதான் என்று கருதினார். கடற்கரையில் குளிப்பவர்கள் இதைச் சந்திப்பதே அரிது, அதனால் பத்திரிகைகளில் வரும் சுறாத் தாக்குதல் செய்திகளில் இதன் பெயர் அதிகம் அடிபடாது.

கப்பல் மூழ்கிய இடத்துக்கு இவற்றுக்கு யார் வழி சொன்னது? காதுதான் முதலில். குறைந்த அதிர்வெண் ஒலியைச் சுறா மிக நன்றாகக் கேட்கும், நூற்றுக்கணக்கான மீட்டர் தூரத்திலிருந்து கூட. வெடிச் சத்தம், கப்பல் உடையும் சத்தம், நூற்றுக்கணக்கான கால்கள் தண்ணீரை உதைக்கும் சத்தம் எல்லாமே அந்த வகைதான், அடிபட்ட மீன் துடிப்பதும் சுறாவுக்கு இதே மாதிரிதான் கேட்கும். அடுத்தது மோப்பம். ஒரு சொட்டு ரத்தத்தைப் பல மைல் தாண்டி மோந்துவிடும் என்பதெல்லாம் மிகைப்படுத்தல், ஆனால் நீரோட்டத்தோடு வரும் வாசனையைப் பிடித்து அது வரும் திசையில் ஏறிப் போக அதற்கு நன்றாகவே தெரியும். கிட்டே வந்ததும் கண். இன்னும் கிட்டே, ஒரு கை நீள தூரத்தில், மூக்கைச் சுற்றி இருக்கும் நுண்துளைகள் மூலம் உயிருள்ள உடம்பின் மெல்லிய மின்சாரத்தைக்கூட உணரும். இத்தனை புலன்களும் சேர்ந்து ஒரே சேதியைச் சொல்கின்றன, அங்கே ஏதோ அடிபட்டுக் கிடக்கிறது என்று.

முதலில் அவை போனது பிணங்களிடம்தான். தண்ணீரில் மிதந்தவர்கள் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள், இறந்தவர்களைக் கூட்டத்திலிருந்து தள்ளிவிட்டார்கள். அடுத்த குறி ரத்தம் வழியும் காயம் பட்டவர்கள். அதற்கு அடுத்தது தனியாக மிதந்தவர்கள். கூட்டமாக, கைகளைக் கோத்துக்கொண்டு நெருக்கமாக மிதந்தவர்களின் நடுவில் சுறா நுழைவது குறைவு, ஓரத்தில் இருந்தவர்களுக்குத்தான் ஆபத்து. புத்தி தடுமாறித் தீவைத் தேடி நீந்திப் போனவன் என்ன செய்கிறான் என்று இப்போது யோசித்துப் பாருங்கள். கூட்டத்தை விட்டுப் பிரிகிறான், தனியாகத் தண்ணீரை அடிக்கிறான். உப்புத் தண்ணீர்தான் அவனைச் சுறாவிடம் அனுப்பி வைத்தது என்றே சொல்லலாம். கையில் கிடைத்த இறைச்சி டப்பாவைத் திறந்தபோது அந்த வாசனைக்குச் சுறாக்கள் மொய்த்துவிட்டன, அதிலிருந்து இறைச்சியைத் தொடவே பயந்தோம் என்றும் பிழைத்தவர்களின் நினைவுகளில் வருகிறது.

எத்தனை பேரைச் சுறா கொன்றது? ஒருவர் சில டஜன் என்பார், இன்னொருவர் 150 வரை போவார். இந்த எண்ணை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாததற்கு எளிய காரணம் இருக்கிறது. மீட்கப் போன கப்பல்கள் கடித்துக் குதறப்பட்ட உடல்களை நிறையக் கண்டன, ஆனால் கடிக்கும்போது அந்த ஆள் உயிரோடு இருந்தானா, செத்து ஒரு நாள் ஆகியிருந்ததா என்று உடலைப் பார்த்துச் சொல்வது கடினம். பிழைத்தவர்கள் சொன்னதும் குழுவுக்குக் குழு மாறுகிறது. பல கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிக் கிடந்தார்கள், சில குழுக்களைச் சுறாக்கள் விடாமல் தொந்தரவு செய்தன, சில குழுக்களில் அவ்வளவாக இல்லை. பெரிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும், தண்ணீரில் இறந்தவர்களில் நாலில் ஒரு பங்குதான் வரும். மீதியெல்லாம் காயம், தாகம், உப்பு, வெயில், குளிர், அயர்ச்சி.

இண்டியானாபோலிஸ் மட்டும்தான் இப்படி என்றும் இல்லை. 1942 நவம்பர் 28 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரைக்கு அப்பால் நோவா ஸ்கோஷியா என்ற பிரிட்டிஷ் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி யு-177 தாக்கியது. அதில் இருந்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியக் கைதிகள், அதாவது ஜெர்மனியின் கூட்டாளி நாட்டவர்கள். தண்ணீரில் யார் கத்துகிறார்கள் என்று நீர்மூழ்கிக்காரர்களுக்குத் தெரிந்தும் மீட்க முடியவில்லை, மூழ்கிய கப்பல்களின் ஆட்களைக் காப்பாற்றக் கூடாது என்று இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவர்களின் தலைமை உத்தரவு போட்டிருந்தது. போர்ச்சுகீசியக் கப்பல் ஒன்று அடுத்த நாள் வந்து சேர்ந்தபோது 194 பேர்தான் மிச்சம், 858 பேர் போய்விட்டார்கள். பலகைகளைப் பிடித்துத் தொங்கியவர்களைச் சுறாக்கள் இழுத்துச் சென்றதைப் பிழைத்தவர்கள் சொன்னார்கள்.

அதே மாதம் 13-ஆம் தேதி, சாலமன் தீவுகள் பக்கம் ஜூனோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் டார்பிடோ பட்டு நொடிகளில் வெடித்துச் சிதறியது. அதைப் பார்த்த மற்றக் கப்பல்கள் யாரும் பிழைத்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தன, நின்று தேடினால் தங்களுக்கும் அடுத்த டார்பிடோ என்ற பயம் வேறு, போய்விட்டன. உண்மையில் சுமார் நூறு பேர் தண்ணீரில் இருந்தார்கள். எட்டு நாள் கழித்து எல்லாம் முடிந்தபோது எடுக்கப்பட்டவர்கள் பத்தே பேர். ஒரே கப்பலில் வேலை பார்த்த சல்லிவன் சகோதரர்கள் ஐந்து பேரும் அதில் இறந்தார்கள்.

இந்த மாதிரிச் செய்திகள் பரவப் பரவ மாலுமிகளுக்கும் விமானிகளுக்கும் சுறா பயம் பெரிதாகிவிட்டது. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். சுறா விரட்டி மருந்து ஒன்றைத் தயாரிக்க இறங்கியது. பின்னாளில் சமையல் கலைஞராகப் புகழ்பெற்ற ஜூலியா சைல்ட் அப்போது அந்தப் பிரிவில்தான் வேலை பார்த்தார். அழுகிய சுறா இறைச்சியைச் சுறாக்கள் நெருங்குவதில்லை என்ற கவனிப்பிலிருந்து தொடங்கி, கடைசியில் காப்பர் அசிடேட்டையும் கறுப்புச் சாயத்தையும் கலந்து ஒரு கட்டியாகச் செய்தார்கள். லைஃப் ஜாக்கெட்டில் கட்டிக்கொண்டால் தண்ணீரில் கரைந்து மை போலப் பரவும். நிஜமாகப் பசித்து மொய்க்கும் சுறாக்களிடம் இது பெரிதாகப் பலிக்கவில்லை என்று பிறகு சோதனைகளில் தெரிந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள், கையில் ஏதோ ஒன்று இருக்கிறது என்ற தைரியத்துக்காக. அந்தத் தைரியத்தை நான் குறைவாக மதிப்பிட மாட்டேன், நடுக்கடலில் பதறித் தண்ணீரை அடிக்காமல் இருப்பதே உயிர்காக்கும் காரியம்தான்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான்: சுறாவுக்குக் கிடைத்தது நேரம். அந்த நேரத்தைக் கொடுத்தது கரையில் இருந்தவர்கள். இண்டியானாபோலிஸ் ஜூலை 31 அன்று லெய்டேக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. யாரும் தேடவில்லை. போர்க்கப்பல்கள் வந்து சேர்ந்ததைத் தெரிவிக்க வேண்டாம் என்று ஒரு நடைமுறை இருந்தது, வராவிட்டாலும் தெரிவிக்க வேண்டாம் என்று அதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள். வரைபடப் பலகையில் கப்பல் வந்து சேர்ந்ததாகவே குறித்தார்கள். கடலில் ஆயிரம் கண்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது.

பிறகு பழி போனது கேப்டன் சார்லஸ் மக்வே மேல். வளைந்து வளைந்து போய் நீர்மூழ்கியை ஏமாற்றியிருக்க வேண்டும், செய்யவில்லை என்று ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். கப்பலை மூழ்கடித்த ஹஷிமோட்டோவையே வாஷிங்டனுக்கு வரவழைத்தார்கள், வளைந்து போயிருந்தாலும் அடித்திருப்பேன் என்று அவர் சாட்சி சொன்னார். அப்படியும் மக்வே குற்றவாளி என்றே தீர்ப்பு வந்தது. மகனை இழந்த குடும்பங்கள் சில அவருக்கு வசைக் கடிதங்களை அனுப்பிக்கொண்டே இருந்தன. 1968-இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். ஹன்டர் ஸ்காட் என்ற பள்ளி மாணவன் 1990-களில் ஒரு வரலாற்றுப் பாடத் திட்டத்துக்காக இதைத் தோண்ட ஆரம்பித்து, பிழைத்தவர்களும் சேர்ந்து போராடி, 2000-இல்தான் அமெரிக்க நாடாளுமன்றம் அவர்மேல் பழி இல்லை என்று தீர்மானம் போட்டது. முப்பத்திரண்டு வருடம் தாமதம்.

மறுபடி தண்ணீருக்கே வருவோம். ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை முற்பகல். வில்பர் க்வின் என்ற விமானி வழக்கமான ரோந்தில் இருந்தார், விமானத்தின் பின்னால் இழுபடும் ஆன்டெனாவில் ஏதோ கோளாறு, அதைச் சரிசெய்யப் பின்பக்கம் போனவர் தற்செயலாகக் கீழே பார்த்தார். எண்ணெய்ப் படலம். எதிரி நீர்மூழ்கி என்று நினைத்துக் குண்டு போடத் தயாராகித் தாழ இறங்கினார். எண்ணெயில் சின்னச் சின்னதாக ஏதோ அசைந்தது. தலைகள்.

செய்தி கிடைத்துக் கிளம்பியவர் ஏட்ரியன் மார்க்ஸ், தண்ணீரில் இறங்கக்கூடிய கேட்டலினா விமானத்தில். நடுக்கடல் அலையில் இறங்கக் கூடாது என்பது அவருக்கு இருந்த கண்டிப்பான உத்தரவு. மேலிருந்து ரப்பர் படகுகளைப் போட்டுக்கொண்டே சுற்றியபோது, கீழே மிதப்பவர்களைச் சுறா தாக்குவதை விமானத்தில் இருந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். மார்க்ஸ் தன் ஆட்களிடம் கேட்டார், எல்லோரும் சரி என்றார்கள், இறங்கிவிட்டார். அலையில் மோதி விமானத்தின் அடிப்பாகத்தில் ஆணிகள் பிடுங்கிக்கொண்டன, ஓட்டைகளைக் கையில் கிடைத்ததை வைத்து அடைத்தார்கள். எல்லோரையும் ஏற்ற முடியாது என்பது தெரியும். கூட்டமாக இருப்பவர்கள் இன்னும் கொஞ்சம் தாங்குவார்கள், தனியாக மிதப்பவனைத்தான் சுறா எடுக்கும் என்று கணக்குப் போட்டு, தனியாகக் கிடந்தவர்களைத் தேடித் தேடி முதலில் ஏற்றினார். உள்ளே இடம் தீர்ந்ததும் இறக்கைகளின் மேல் படுக்கவைத்துப் பாராசூட் கயிற்றால் கட்டினார்கள். 56 பேர். அதற்குப் பிறகு அந்த விமானம் பறக்கும் நிலையில் இல்லை.

இருட்டிவிட்டது. மார்க்ஸ் வரும் வழியில் தகவல் சொல்லியிருந்த சிசில் டாய்ல் என்ற கப்பல், மேலிட உத்தரவுக்குக் காத்திராமல் பாதையை மாற்றி அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது. அதன் கேப்டன் கிரஹாம் கிளேட்டர் பெரிய தேடுவிளக்கைப் போட்டு வானத்துக்குத் திருப்பச் சொன்னார். பக்கத்தில் எதிரி நீர்மூழ்கி இருந்தால் கப்பலையே காட்டிக்கொடுக்கும் வெளிச்சம் அது. மேகத்தில் பட்டு அந்த வெளிச்சம் கடல்மேல் பரவியது. ஊறிப்போன ஜாக்கெட்டில் தாடை வரை தண்ணீரில் கிடந்தவர்கள் அதைத் தூரத்திலிருந்தே பார்த்தார்கள்.